முப்பத்தைந்து மிச்சம்

சனிக்கிழமை பதினோரு மணிக்கு வானொலி சொன்னது:
இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து கியாட் தாள்கள்
இனிச் செல்லாது.
ரங்கூன் மொகல் தெருவில் ஒருவன்
விரித்த குடையோடு அப்படியே நின்றான்.
மழை விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது.

எங்கள் எண்ணெய்க் கடைக்கு ஐந்து கூட்டாளிகள்.
உதுமான் ராவுத்தர், வீராயி, அடைக்கலம், சவரிமுத்து,
டின் சப்ளைக்கென்று சேர்ந்துகொண்ட கோ மின் தெய்ன்.
நான் கூட்டாளி இல்லை, கணக்கு எழுதுகிறவள்.
தகரப் பெட்டியை மாடிக்குத் தூக்கிவந்து
எண்ணு என்றார்கள்.
"செல்லாததை எதுக்கு எண்ணணும்?" என்றார் சவரிமுத்து.
"எவ்வளவு செத்துச்சுன்னு தெரிய வேணாமா?" என்றாள் வீராயி.

எழுபத்தைந்தில் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தேழு.
முப்பத்தைந்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
இருபத்தைந்தில் ஆயிரத்து நூற்று எழுபத்தொன்பது.
எச்சில் தொட்ட விரலில் கடலை எண்ணெய் ருசி.
இரண்டாம் முறையும் அதே தொகை:
2,15,315.

பெட்டியில் கிடந்ததெல்லாம் ஐந்தின் பிள்ளைகள்.
கூட்டினாலும் ஐந்தின் ஜாடை போகாது,
கடைசி இலக்கமே காட்டிக்கொடுக்கும்.
ஐந்து பேருக்கும் பிரித்தேன். தலைக்கு 43,063.
இத்தனை வருஷத்தில் லாபம் ஒருநாளும்
இப்படிச் சிந்தாமல் பிரிந்ததில்லை.

வீராயிக்கு மூன்று மகன்கள்.
"என் பங்கை மூணாப் போடு, கொஞ்சம் சின்னதாத் தெரியட்டும்."
இலக்கங்களைக் கூட்டினேன், பதினாறு.
மூன்றுக்கு மசியவில்லை.
மின் தெய்ன் வீட்டில் ஏழு பேர்.
ஏழால் வகுத்தால் ஆறு நின்றது,
அவர் ஒருவருக்கு மட்டும் இடம் இல்லாததுபோல.

அன்றிரவு கரண்ட் போயிற்று.
மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு
பதினொன்று, பதின்மூன்று என்று ஏறினேன்.
பதினேழில் இரண்டு மிஞ்சியது.
எங்கேயோ மேலே நூற்று நாற்பத்தொன்பதில்
மறுபடி அதே இரண்டு. கை நடுங்கியது,
சரிபார்த்தேன், இரண்டேதான்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்தினேன்.
அதற்குமேல் போக வேண்டியதில்லை:
பெரியது ஒன்று ஒளிந்திருந்தால்
அதன் ஜோடி முன்னாலேயே மாட்டியிருக்கும்.

பகா எண்.
ஒரே ஆள் சுமக்கலாம்.
இல்லையென்றால் நாற்பத்துமூவாயிரத்து அறுபத்துமூன்று பேர்
ஆளுக்கொரு கியாட்டாகச் சுமக்கலாம்.
நடுவில் வேறு வழி கிடையாது.
காலையில் இதைச் சொன்னபோது
"தெருவில இப்ப அத்தனை பேர் இருக்காங்க" என்றார் அடைக்கலம்.

மாதம் முடிவதற்குள் புதுத் தாள்கள் வந்தன.
நாற்பத்தைந்து, தொண்ணூறு.
ஒன்பது யாருக்கோ ராசியாம், டீக்கடையில்
குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்கள்.
அடைக்கலம் கேட்டார்,
பணம் தருகிறவர்கள் வாசலில் நிற்பதுபோல:
"நம்ம பெட்டிக்கு இதில் எத்தனை தாள் வரும்?"

போட்டேன்.
நாற்பத்தைந்தில் நாலாயிரத்து எழுநூற்று எண்பத்துநாலு,
மிச்சம் முப்பத்தைந்து.
தொண்ணூறில் அதில் பாதி,
மிச்சம் அதே முப்பத்தைந்து.

ராவுத்தர் மூன்று வாரத்தில் முதல்தடவை சிரித்தார்.
"அதுக்குத்தான் நம்மகிட்ட தாள் இருக்கே."
பெட்டியிலிருந்து ஒன்றை உருவி
மேசையில் வைத்து நீவிவிட்டார்.
எல்லாரும் சிரித்தோம். மின் தெய்ன் மட்டும் ஜன்னலை மூடினார்.

பதினைந்தும் ஐந்தும் இன்னும் செல்லும்,
பதினைந்தில் இரண்டு, ஐந்தில் ஒன்று,
முப்பத்தைந்து கட்டிவிடலாம்.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

தாள்கள் அடுப்புக்குப் போயின,
கொஞ்சம் வீராயியின் பேரனுக்குக் கப்பல் செய்ய.
தொகையை மட்டும் எங்கே எழுதுவதென்று தெரியவில்லை.
வரவில் சேராது. செலவென்றால் என்ன வாங்கினோம்?
பேரேட்டின் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
பென்சிலால் எழுதிவைத்தேன்:
5 × 43,063.

இன்றைக்கும் பெருக்கிப் பார்த்தேன்.
சரியாகத்தான் இருக்கிறது.